சம்ப் வைத்த மீன் தொட்டிக்குப் பைப் போடுவது எப்படி: உயரக் கணக்கும் கரண்ட் போகும் நேரமும்

சம்ப் என்பது மீன் தொட்டிக்குக் கீழே வைக்கும் இன்னொரு தொட்டி: மேலே இருந்து வழியும் தண்ணீர் அதில் வந்து விழும், பம்ப் அதைத் திரும்ப மேலே அனுப்பும். சம்ப் வைத்த தொட்டியில் தண்ணீரை மேலே ஏற்றுவது மின்சாரம், கீழே இறக்குவது பூமியின் ஈர்ப்பு. மின்சாரம் இடையில் நின்று போகும், ஈர்ப்பு நிற்காது. காலையில் எழும்பிப் பார்த்தால் நிலமெல்லாம் தண்ணீர் என்கிற கதைகளில் அநேகமானவை இந்த ஒரு வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் பைப் போட்டதால் வருபவைதான்.

திருகோணமலையில் கண்ணாடித் தொட்டி ஒட்டித் தர ஆட்கள் இருக்கிறார்கள். பைப் சாமானும் ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும். கிடைக்காதது சரியான பதில். எத்தனை இஞ்சிப் பைப், ஓட்டை எந்த உயரத்தில், சம்பில் எவ்வளவு இடம் காலியாக விட வேண்டும் என்று கேட்டுத் திரிந்தபோது ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். அவற்றில் பாதி வீட்டுக் கூரை டாங்கிக்குப் பைப் போட்ட அனுபவம். அந்தப் பைப் எந்நேரமும் நிரம்பி இருக்கும், பைப்டேப்பில் முடியும். மீன் தொட்டியில் இருந்து இறங்கும் பைப் திறந்தே கிடக்கும், தண்ணீரோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். அங்கே சரிவருவது இங்கே சரிவராது.

உதாரணத்துக்கு 4 அடித் தொட்டி ஒன்றை எடுத்திருக்கிறேன்: 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். உங்கள் தொட்டியின் அளவைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

1. சாமான் வாங்கமுதல் உயரங்களை எழுதுங்கள்

ஒரு கொப்பியில், நிலத்தில் இருந்து அளந்து, ஐந்து உயரங்களை எழுத வேண்டும்: மேல்தொட்டியின் நீர்மட்டம், ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் (மேல்தொட்டியின் விளிம்பைத் தாண்டும் தண்ணீர் முதலில் விழும் சின்னப் பெட்டி) நிற்கும் நீர்மட்டம், ரிட்டர்ன் பைப்பின் (பம்பில் இருந்து மேலே தண்ணீர் கொண்டுபோகும் பைப்) வாய், சம்பின் நீர்மட்டம், சம்பின் விளிம்பு.

இவற்றில் பெட்டிக்குள் நிற்கும் மட்டத்துக்கும் சம்பின் மட்டத்துக்கும் இடையிலான நேர் உயரம்தான் தண்ணீரை இழுக்கும் விசை. பைப் எவ்வளவு நீளம் என்பது விசையைக் கூட்டாது. சுவரோடு 3 மீற்றர் பைப்பைப் படுக்கவைத்தால் கூடுவது உராய்வு மட்டும்தான். நேர் உயரம் அரை மீற்றர் என்றால், தடையே இல்லாத கணக்கில் தண்ணீர் விநாடிக்கு 3.1 மீற்றர் வேகத்தில் இறங்கும். ஒரு மீற்றர் என்றால் 4.4. உயரத்தை இரட்டித்தாலும் வேகம் 1.4 மடங்குதான் ஆகும் என்பதைக் கவனியுங்கள். எல்போ, வால்வு, பைப்பின் உட்சுவர் எல்லாம் சேர்ந்து இந்த வேகத்தில் ஏறத்தாழப் பாதியைத் தின்றுவிடும் என்று வைத்துத் திட்டமிடுவது பாதுகாப்பு.

தொட்டி மேசை மட்டமாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகளில் கழுவின தண்ணீர் ஓடட்டும் என்று நிலத்தை வாசல் பக்கமாகச் சரித்து சீமெந்து பூசியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவு ஓவர்ஃப்ளோ விளிம்பில் சீப்புப் போல வெட்டியிருக்கும் பல்வரிசையில் தெரியும்: ஒரு மூலையால் தண்ணீர் விழும், மற்ற மூலை காய்ந்து கிடக்கும். மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர் ரியூப்பை இரவல் வாங்கி நாலு மூலையும் பாருங்கள். இந்தத் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டும் 270 கிலோ. பிறகு நகர்த்த ஏலாது.

2. பம்ப்: பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணை விடுங்கள்

பெட்டியில் 3000 லீற்றர் என்று இருக்கும். அது பம்ப் ஒரு அடிகூட ஏற்றாமல் சும்மா சுற்றும்போது தள்ளும் அளவு. பக்கத்தில் சின்ன எழுத்தில் அதிகபட்ச உயரம் 3 மீற்றர் என்று இருக்கும், அந்த உயரத்தில் பம்ப் தள்ளுவது பூச்சியம். சம்பின் நீர்மட்டத்தில் இருந்து மேல்தொட்டியின் நீர்மட்டம் 1.2 மீற்றர் என்றால், கைக்கணக்காக 1800 லீற்றர் வரும். எல்போக்கள் அதிலும் கொஞ்சம் குறைக்கும்.

பெட்டிக்குள் உயரத்துக்கு எதிரே அளவைக் காட்டும் வரைபடம் போட்ட கடதாசி ஒன்று இருக்கும். இந்த வேலையில் தேவைப்படும் பத்திரங்களில் முதலாவது அதுதான். அந்தக் கடதாசி இல்லாத பம்பை வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பில்லில் மொடல் இலக்கத்தை எழுதுவித்து, வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் திகதியும் குத்தியிருக்கிறதா என்று கடையில் நிற்கும்போதே பாருங்கள்.

மணித்தியாலத்துக்கு 1800 லீற்றர் என்பது 270 லீற்றர் தொட்டிக்கு ஆறு, ஏழு மடங்கு. போதும். பெரிய பம்ப் நல்லது என்று கடையில் சொல்வார்கள். பம்ப் எவ்வளவு ஏற்றுகிறதோ அவ்வளவையும் வடிபைப் இறக்கியாக வேண்டும், பெரிய பம்ப் வாங்கினால் கீழே எல்லாமே பெரிதாக வேண்டும்.

3. ஓவர்ஃப்ளோ விளிம்பு அகலமாக இருக்கட்டும்

தண்ணீர் விளிம்பைத் தாண்ட வேண்டுமென்றால் விளிம்புக்கு மேலே கொஞ்சம் எழும்பி நிற்க வேண்டும். 1800 லீற்றர் ஓடும்போது, 30 செ.மீ. அகல விளிம்பில் அந்த எழுச்சி ஏறத்தாழ 9 மி.மீ. அகலத்தை 15 செ.மீ. ஆக்கினால் 15 மி.மீ. ஆகிவிடும். பல்வரிசை வைத்தால் பல் அடைக்கும் இடத்தைக் கழித்துவிட்டு, மிஞ்சும் திறப்பைத்தான் அகலமாக எடுக்க வேண்டும். அகலமான விளிம்பில் மேல்மட்ட எண்ணெய்ப் படலம் மெல்லியதாக இழுபட்டுப் போகும், கரண்ட் போனால் கீழே வந்து சேரும் தண்ணீரும் குறையும்.

கண்ணாடியில் ஓட்டை போடாமல் தொட்டி விளிம்பில் கொழுவுகிற ஓவர்ஃப்ளோவும் விற்கிறார்கள். வளைந்த ரியூப் ஒன்று தண்ணீரை விளிம்புக்கு மேலால் ஏற்றி இறக்கும். அந்த வளைவின் உச்சியில் காற்றுக் குமிழ்கள் சேர்ந்துகொண்டே வரும். ஒருநாள் சைபன், அதாவது ரியூப் நிரம்பித் தானாக இழுபடும் ஓட்டம், அறும். பம்ப் தன் பாட்டுக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும், இறங்க வழி இருக்காது. வீட்டில் எந்நேரமும் ஆள் இருந்தாலும் நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

4. வடிபைப் இரண்டு வேண்டும்

ஒரே பைப் போட்டால் தண்ணீர் சுவரோடு வழுக்கி இறங்க, நடுவால் காற்று போகும். ஓட்டம் கூடக்கூட இரண்டும் வழிக்குச் சண்டை பிடிக்கும். தண்ணீர் போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்தது போலக் குளுக் குளுக் என்று இரவு முழுக்கச் சத்தம். நிரம்பி ஓடும் பைப்பில் காற்றே இல்லை, அதனால் சத்தமும் இல்லை. அதே பைப் பல மடங்கு தண்ணீரை இறக்கவும் செய்யும். 32 மி.மீ. பைப், அதாவது கடைக்காரர் ஒரு இஞ்சி என்று தருவது, 75 செ.மீ. நேர் உயரத்தில் நிரம்பி ஓடினால் மணிக்கு 4000 லீற்றர் அளவில் இறக்கக்கூடியது. நமக்குத் தேவை 1800 தான். மிச்சத்தை வால்வால் அடக்குகிறோம்.

ஆகவே முதலாவது பைப், வாய் தண்ணீருக்குள் ஆழமாக இருக்க, கீழே வால்வோடு, எப்போதும் நிரம்பி ஓடுவது. இரண்டாவது பைப், வாய் உயரத்தில் இருக்க, வால்வு இல்லாமல், ஆபத்துக்கு நிற்பது. முதலாவது அடைபட்டால் இரண்டாவது தனியாக முழு ஓட்டத்தையும் சுமக்க வேண்டும். அதை 40 மி.மீ. போட்டால் இன்னும் நிம்மதி. ஆபத்துப் பைப்பில் வால்வு, வலை, சிறிய பைப்புக்கு இறக்கும் ரெடியூசர் எதையும் பொருத்தக் கூடாது.

வால்வு விசயத்தில் கவனம். கடைகளில் கைக்குக் கிடைப்பது ‘போல்’ வால்வு (ball valve), உள்ளே உருண்டை இருக்கும், கால் சுற்றில் திறந்து மூடுவது. நுணுக்கமாக அடக்க அது இடங்கொடாது. தேவை, பல சுற்றில் மெல்ல மூடும் கேற் வால்வு. பித்தளைக் கேற் வால்வு எளிதாகக் கிடைக்கும், வாங்க வேண்டாம். பித்தளையில் செம்பு இருக்கிறது, றாலையும் நத்தையையும் அது கொல்லும். பிளாஸ்டிக் கேற் வால்வைக் கொழும்பில் இருந்து எடுப்பிக்க வேண்டி வரலாம். மற்றச் சாமான் வாங்கமுதல் அதற்குச் சொல்லிவையுங்கள், வேலை நின்றுபோவது வழக்கமாக இந்த ஒரு சாமானுக்காகத்தான்.

5. கண்ணாடியில் ஓட்டை

முதலில் கண்ணாடி ஓட்டையில் பைப்பைப் பொருத்தும் டாங்க் கனெக்டரை வாங்குங்கள், பிறகுதான் ஓட்டை. 32 மி.மீ. கனெக்டர் என்றால் ஓட்டையும் 32 என்று நினைத்துவிடக் கூடாது. கனெக்டரின் மரை உள்ள கழுத்து அதைவிடத் தடிப்பு, அதை அளந்து அதற்கேற்ற வைர முனை துளைகருவி எடுக்க வேண்டும். ஓட்டையின் விளிம்புக்கும் கண்ணாடி விளிம்புக்கும் இடையில் குறைந்தது ஓட்டையின் விட்டம் அளவு கண்ணாடி மிஞ்ச வேண்டும். துளைக்கும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே, மெதுவான வேகத்தில், அழுத்தாமல்.

டெம்பர் செய்த, அதாவது சூடாக்கிக் கடினமாக்கிய, கண்ணாடியில் துளைத்தால் அந்த இடத்திலேயே தூளாகிவிடும். ரெடிமேட் தொட்டிகளில் அடிக்கண்ணாடி டெம்பர் ஆக இருப்பது உண்டு. சொல்லிச் செய்விக்கும் தொட்டி என்றால் ஒட்டமுதல் கடைக்காரரையே துளைக்கச் சொல்லுங்கள். பில்லில் கண்ணாடித் தடிப்பு, எந்தப் பக்கம், எத்தனை ஓட்டை, துளைத்தது யார் என்று எழுதுவியுங்கள். பிறகு வெடித்தால், நீங்கள் துளைத்தது என்று கடை கைவிரிக்க இடம் இருக்காது.

கனெக்டரின் ரப்பர் வளையம் தண்ணீர் இருக்கும் பக்கம், விளிம்புத் தட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையில். நட்டைக் கையால் இறுக்கி, அதற்குமேல் கால் சுற்று. பைப் ரெஞ்சைத் தூர வைத்துவிடுங்கள்.

6. பைப் ஓடும் பாதை

நேராகக் கீழே இறங்குவது சிறப்பு. திரும்பத்தான் வேண்டுமென்றால் 90 பாகை எல்போ ஒன்றுக்குப் பதில் 45 பாகை இரண்டு. படுக்கையாக ஓடும் இடத்தில் மீற்றருக்கு 2 செ.மீ. சரிவு கொடுங்கள். நடுவில் தொய்ந்தால் அங்கே தண்ணீர் தேங்கும், அதற்குப் பின்னால் காற்று அடைபடும்.

முதலாவது பைப்பின் கீழ்முனை சம்பின் நீர்மட்டத்துக்குக் கீழே 2 அல்லது 3 செ.மீ. மட்டும் மூழ்கட்டும். கரண்ட் வந்தவுடன் பைப்புக்குள் நிற்கும் காற்றைத் தண்ணீர் அந்த வாயால்தான் வெளியே தள்ள வேண்டும். 15 செ.மீ. ஆழத்தில் முனையை வைத்தால் காற்று வெளியேற முடியாமல் நிற்கும், சைபன் பிடிக்காது. ஆபத்துப் பைப்பின் முனை நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்கட்டும். அதால் தண்ணீர் கொட்டும் பெரிய சத்தம் கேட்டால் முதலாவதில் ஏதோ அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம், செலவில்லாத எச்சரிக்கை மணி.

பைப் கம் பூசமுதல் எல்லாவற்றையும் உலர்வாகப் பொருத்திப் பார்த்து, பேனையால் கோடு போட்டு அடையாளம் வையுங்கள். வால்வுக்கு மேலும் கீழும் யூனியன் (கழற்றிப் பூட்டும் இணைப்பு) போட்டால் பிறகு கழற்றிக் கழுவலாம். கம் பூசி 24 மணித்தியாலம் தண்ணீர் விட வேண்டாம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரையான மழை ஈரத்தில் பைப் கம் காய இன்னும் நேரம் எடுக்கும், ஒன்றரை நாள் விடுங்கள். சிலிக்கனுக்கு நேர்மாறு, அது காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். புதிதாக ஒட்டிய தொட்டிக்கு எந்தக் காலமானாலும் ஒரு கிழமை.

7. கரண்ட் போனால் எவ்வளவு தண்ணீர் கீழே வரும்

இந்தக் கணக்கைச் செய்யாமல் சம்ப் ஒட்டக் கொடுக்க வேண்டாம்.

பம்ப் நின்றவுடன் மேல்தொட்டி விளிம்பு மட்டம் வரை இறங்கும். அதோடு நிற்காது. ரிட்டர்ன் பைப்பின் வாய் தண்ணீருக்குள் இருந்தால் அதே பைப் எதிர்ப்பக்கம் சைபனாக மாறி, வாய் வெளியே தெரியும் வரை இழுக்கும். விளிம்புக்கு 3 செ.மீ. கீழே வாய் இருந்தால், மேலே எழுந்து நின்ற ஒரு செ.மீ. சேர்த்து 4 செ.மீ. இறங்கும். 120 ஐ 45 ஆல் பெருக்கி 4 ஆல் பெருக்கினால் 21.6 லீற்றர். ஓவர்ஃப்ளோ பெட்டி 30 க்கு 10 செ.மீ., அதில் 15 செ.மீ. இறங்கினால் 4.5 லீற்றர். பைப்புகளில் இருப்பது ஒன்றிரண்டு. மொத்தம் 28 லீற்றர் என்று எடுங்கள். சம்ப் 90 க்கு 35 செ.மீ. என்றால் மட்டம் 9 செ.மீ. ஏறும். 12 செ.மீ. காலியாக விடுங்கள்.

இப்போது அதே வாயை, அழகுக்காகவோ அடியில் நீரோட்டம் வேண்டும் என்றோ, 15 செ.மீ. கீழே வைத்துப் பாருங்கள். இறங்குவது 16 செ.மீ., மேல்தொட்டியில் இருந்து மட்டும் 86 லீற்றர். சம்ப் 27 செ.மீ. ஏற வேண்டும். ஏறாது, நிலத்தில்தான் போகும்.

வாயைக் கீழே வைத்தே ஆக வேண்டுமென்றால் ரிட்டர்ன் பைப்பில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, 5 மி.மீ. ஓட்டை ஒன்று போடுங்கள். மட்டம் அந்த இடத்துக்கு இறங்கியதும் காற்றை இழுத்து சைபன் அறுந்துவிடும். பாசி அந்த ஓட்டையை அடைக்கும், மாதம் ஒருக்கால் பல் குச்சியால் குத்திவிட வேண்டும். தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் நொன் ரிட்டர்ன் வால்வு போடு, பிரச்சினை முடிந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு நத்தைக் குஞ்சு நடுவில் மாட்டினால் அது மூடாது. போடுங்கள், ஆனால் அது இல்லை என்று நினைத்துக் கணக்குப் பாருங்கள்.

8. சோதனை

நல்ல தண்ணீர் ஊற்றி, மீன் இல்லாமல், குறைந்தது ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். ஒவ்வொரு இணைப்பின் கீழும் பத்திரிகைக் கடதாசித் துண்டு வையுங்கள், ஒரு சொட்டு விழுந்தாலும் காட்டிக்கொடுக்கும்.

முதலாவது பைப்பின் வால்வை முழுதாகத் திறந்துவைத்து பம்பைப் போடுங்கள். முதலில் பெரிய இரைச்சல், சம்பில் வெள்ளை நுரையாகக் காற்று கொப்பளிக்கும். நுரை குறைந்ததும் வால்வைக் கால் சுற்று மூடி, ஐந்து நிமிடம் பொறுங்கள். பெட்டிக்குள் மட்டம் மெல்ல ஏறும். மறுபடி கொஞ்சம். மட்டம் முதலாவது வாயை நன்றாக மூடியதும் இரைச்சல் சட்டென்று நிற்கும். இன்னும் மயிரிழை மூடினால் ஆபத்துப் பைப்பின் வாயில் நூல்போல் ஒரு கசிவு தொடங்கும். அங்கே நிறுத்துங்கள். பம்பின் ஓட்டம் சற்றுக் கூடிக் குறைந்தாலும் அந்த நூல் கசிவு தடித்தும் மெலிந்தும் சரிக்கட்டிக்கொள்ளும்.

பிறகு மூன்று காரியம். பம்பின் பிளக்கைக் கழற்றி சம்ப் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள், அந்த இடத்தில் சம்பின் வெளியே பெயின்ற் பேனையால் கோடு போடுங்கள். திரும்பப் போட்டு, நீங்கள் கை வைக்காமல் சைபன் தானாகப் பிடிக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, முதலாவது வால்வை முழுதாக மூடுங்கள். ஆபத்துப் பைப் தனியாகச் சுமக்கிறதா, மேல்தொட்டி வழியாமல் நிற்கிறதா? இதில் தோற்றால் மீன் வாங்க வேண்டாம்.

பிளக்கைச் சம்புக்கு மேலே வைக்க வேண்டாம். வயர் பிளக்கைவிடக் கீழே தொங்கி ஏறட்டும், வழியும் தண்ணீர் அந்தத் தொய்வில் சொட்டிவிடும். ட்ரிப் சுவிட்ச் இல்லாத லைனில் பம்ப் போடவே கூடாது.

9. செலவு

சாமான் விலை அடிக்கடி மாறுவதால் ரூபாயில் எழுதவில்லை. பெரிய செலவு தொட்டியும் மேசையும், அடுத்தது பம்ப். பைப், எல்போ, கனெக்டர் எல்லாம் சேர்ந்தாலும் பம்பின் விலைக்குக் கிட்ட வராது, அதனால் அதில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது வீண். பைப்பை அடிக்கணக்கில் வெட்டித் தருவார்களா என்று கேளுங்கள். எல்போவும் சொக்கட்டும் இரண்டிரண்டு கூடுதலாக வாங்குங்கள், கம் பூசின இணைப்பைக் கழற்ற முடியாது.

மாதச் செலவு மின்சாரம். 30 வாட் பம்ப் இரவு பகல் ஓடினால் மாதம் 21.6 அலகு, 60 வாட் என்றால் 43.2. மின் கட்டணம் படிப்படியாக ஏறுவதால், இந்த அலகுகள் உங்களை அடுத்த படிக்குத் தள்ளினால் பில் நினைத்ததைவிடக் கூடும். கடந்த மாதப் பில்லை எடுத்து, படியின் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுப் பம்பைத் தெரிவு செய்யுங்கள்.

10. கடல் தொட்டி வைப்பவர்களுக்கு

நிலாவெளிக்கு முன்னால் உள்ள புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே இருந்து ஒரு கல்கூட எடுக்கக் கூடாது. மற்றக் கரைகளிலும் பவளத்தை உடைத்து எடுப்பது சட்டப்படி குற்றம். கடையில் வாங்குவதற்குப் பில் வைத்திருங்கள். கடல் தண்ணீர் எடுப்பதென்றால் மழை காலத்தில் கொட்டியாரக்குடாப் பக்கம் வேண்டாம், மகாவலி வந்து விழுகிற இடம், உப்புக் குறைந்திருக்கும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் ஆவியாவது பொல்லாத வேகம். மேல்தொட்டியின் மட்டம் விளிம்பால் கட்டுப்பட்டு அசையாமல் நிற்கும், குறைவது முழுக்க சம்பில் பம்ப் இருக்கும் அறையில்தான் தெரியும். மட்டம் கீழே போனால் பம்ப் காற்றை உறிஞ்சி மேல்தொட்டியில் பொடிக் குமிழாகத் துப்பும். உப்பில்லாத தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாவதில்லை. ஒரே ஒரு விசயம்: பம்ப் ஓடும்போது சம்பின் மட்டம் சோதனையில் இருந்ததைவிட ஏறும்படி ஊற்றக் கூடாது. கரண்ட் போனால் வரும் தண்ணீருக்கு விட்ட இடம் அது.

அந்த ஐந்து உயரங்களையும் படமாகக் கீறி மேசைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். நீங்கள் வேலைக்குப் போன நேரம் வீட்டில் இருப்பவருக்கும் காட்டிக்கொடுங்கள்: ஆபத்துப் பைப்பால் சத்தத்தோடு தண்ணீர் விழுந்தால் வால்வில் கை வைக்கத் தேவையில்லை, பம்பின் சுவிட்சை நிப்பாட்டிவிட்டு உங்களுக்குக் கோல் எடுத்தால் சரி.